எதை அழிப்பது? எதை வைத்திருப்பது?



எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பை இருக்கும். அலுமாரியின் மேல்தட்டிலோ, சாமிப்பட அறையிலோ, படுக்கைத் தலைமாட்டிலோ அது தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் போட்டோப்பிரதி, குடும்ப அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்ளேதான். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழும்பி தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சட்டி பானையை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட அந்தப் பையை விட்டு வரவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மழைக்குள் அம்மா அந்தப் பையை பொலித்தீனில் சுற்றி, சேலைக்குள் இடுப்போடு கட்டியிருந்தா. 1996 இல் மானிப்பாய்க்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை. ஆனால் உறுதி இருந்தது.

இப்படி வாழ்ந்து வந்த எங்களுக்கு "அழி" என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திடுக்கிடும். பழைய மின்சாரப் பட்டியலைக்கூடக் கிழிக்க மனம் வராது. என்றைக்கு, யார், எந்தக் கடதாசியைக் கேட்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண்கள் எங்களுக்குள்ளேயே எத்தனை பேர்!

ஆனால் இன்று எங்கள் கடதாசிகள் கணனிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் போய்விட்டன. அங்கே ஒன்றையும் அழிக்காமல் இருந்தால் ஒரு நாள் இடம் முடிந்துவிடும். இடம் முடிந்தால், வேண்டாததோடு சேர்ந்து வேண்டியதும் போகிற நிலைமை வரும். அப்படி ஒரு நிலைமை எங்கள் சங்கத்துக்கு வந்தது. அதிலிருந்து நான் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சங்கத்துக் கணனி

எங்கள் பெண்கள் சங்கத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். சேமிப்பு, சுழற்சிக் கடன், கோழி வளர்ப்பு, தையல் என்று அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் வரவு செலவு அதில் இருக்கிறது. முன்பு ஒரு திட்டத்தின் கீழ் எங்களுக்கு ஒரு மடிக்கணனியும் ஸ்கானர் ஒன்றும் கிடைத்தன. கணக்கோடு நின்றுவிடாமல், அங்கத்தவர்களின் ஆவணங்களையும் ஸ்கான் செய்து அவரவர் பெயரில் ஒவ்வொரு கோப்புறையாக வைத்திருந்தோம். வீட்டிலிருக்கும் பைக்கு ஏதும் நடந்தாலும் இங்கே ஒரு பிரதி இருக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

ஒரு மாத முடிவில் கணக்கைப் பதிய முயன்றபோது "வன்தட்டில் இடமில்லை" என்று கணனி சொல்லிவிட்டது. மொத்தம் 128 ஜிகாபைட். மிச்சம் இருந்தது ஒரு ஜிகாபைட்டும் இல்லை. திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த தம்பி பார்த்துவிட்டு, "அன்ரி, இதை ஃபோர்மட் பண்ணி எல்லாத்தையும் புதுசாப் போடவேணும். இல்லாட்டி புது டிஸ்க் வாங்குங்கோ" என்றார். ஃபோர்மட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் தட்டாக்குவது. புது டிஸ்க் வாங்கச் சங்கத்தில் அந்த மாதம் காசு இல்லை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. அடுத்த நாள் காலமை எங்கள் அங்கத்தவர் ஒரு அம்மா வந்து வாசலில் நின்றா. மகன் 2009 இல் காணாமல் போனவர். அது பற்றிக் கொடுத்த முறைப்பாட்டுக்குக் கிடைத்த பற்றுச்சீட்டு அவவிடம் இருக்கிறது. ஆனால் கையில் எடுத்து எடுத்து மடித்த இடமெல்லாம் கிழிந்து, எழுத்தும் வெளிறிப்போய்விட்டது. கொஞ்சமாவது எழுத்துத் தெரிந்த காலத்தில் நாங்கள் எடுத்த ஸ்கான் பிரதியில்தான் இலக்கத்தையும் திகதியையும் வாசிக்கலாம்.

"பிள்ளை, கணனியைத் துடைக்கப் போறியளாம். என்ரை மோன்ரை துண்டும் போயிடுமோ?"

"இல்லை அம்மா, ஒண்டும் போகாது. முதல்ல எல்லாத்தையும் வேற இடத்திலை கொப்பி பண்ணிப்போட்டுத்தான் தொடுவன்."

சொன்னபடியே செய்தேன். பக்கத்து வீட்டு ஆசிரியை அக்காவிடம் வெளியே பொருத்துகிற வன்தட்டு ஒன்றை இரவல் வாங்கி, ஆவணக் கோப்புறைகள், கணக்குகள், படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் பிரதி செய்தேன். பிரதி செய்ததோடு விடாமல், பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். அந்த அம்மாவின் பற்றுச்சீட்டைத்தான் முதலில் திறந்தேன். இலக்கம் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

இடத்தைப் பிடித்திருந்தது யார்?

பிரதி செய்தபோதே எனக்கு ஒரு ஆச்சரியம். அறுபது குடும்பங்களின் ஆவணங்கள், எத்தனையோ வருடக் கணக்குகள், கூட்டங்களின் படங்கள் எல்லாம் சேர்ந்தும் 15 ஜிகாபைட்டைத் தாண்டவில்லை. அப்படியென்றால் மிச்ச இடத்தில் என்ன இருக்கிறது? விண்டோஸ் தனக்கு முப்பது, நாற்பது ஜிகாபைட் எடுக்கும். அதற்கு மேலும் கணக்கு உதைத்தது.

ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்துக்கொண்டு போனேன். சி ட்ரைவில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் "புரோகிராம் டேட்டா" என்று ஒரு கோப்புறை இருக்கிறது. கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் மேலே "வியூ" என்பதில் "ஹிடன் ஐட்டம்ஸ்" என்பதைத் தெரிவு செய்தால் அது வெளியே தெரியும். அதற்குள் ஒரு மென்பொருளின் பெயரில் ஒரு கோப்புறை. கணனியிலுள்ளதை நாள்தோறும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகத் திட்டக்காரர் போட்டுத்தந்த மென்பொருள் அது. திட்டம் முடிந்து, அந்த மென்பொருளையும் நீக்கி எவ்வளவோ காலம். ஆனால் அது எழுதி வைத்த "லொக்" கோப்புகள் மட்டும் அப்படியே கிடந்தன. 38 ஜிகாபைட்!

லொக் என்றால் என்ன? பழைய காலத்துப் பாய்க்கப்பல்களில் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் எறிவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் கயிற்றில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். ஆங்கிலத்தில் மரத்துண்டுக்கு லொக் என்று பெயர். அந்தக் கணக்கை எழுதிய கொப்பிக்கும் அதே பெயர் வந்தது. இன்றைக்கும் கப்பல் வேகத்தை "நொட்" என்று, அதாவது முடிச்சு என்று, சொல்வது அதனால்தான். கணனியிலும் அதே கதைதான். ஒவ்வொரு மென்பொருளும் "இத்தனை மணிக்குத் திறந்தேன், இதைச் செய்தேன், இது சரிவரவில்லை" என்று தன் பாட்டுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதும். ஏதும் பழுது வந்தால் எப்போது, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும். ஆகவே லொக் கோப்பு கெட்ட சாமான் அல்ல. வேலை முடிந்த பிறகும் கிடப்பதுதான் சிக்கல்.

அந்தக் கோப்புகளில் ஒன்றை நோட்பாடில் திறந்து பார்த்தேன். சில கோப்புகள் அளவு பெரிதாகி நோட்பாடில் திறக்கவே மறுத்தன. திறந்த சிறிய கோப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. "தொடர்பு எடுக்க முயன்றேன். முடியவில்லை. மீண்டும் முயல்கிறேன்." மறுமுனையில் பதில் சொல்ல இருந்த கணனியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அது தெரியாமல் இது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்படி எழுதி எழுதி 38 ஜிகாபைட் வருமா என்று நினைப்பீர்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வரிக்குச் சுமார் 100 எழுத்து, அதாவது 100 பைட். திகதி, நேரத்தைப் பார்த்தால் ஒரு வினாடிக்குள் பன்னிரண்டு வரி எழுதியிருந்தது. கணனி நாளுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் அது 28,800 வினாடி. ஆக நாளுக்குச் சுமார் 34 மெகாபைட். வருடத்தில் 280 வேலை நாள் என்றால் ஒன்பது ஜிகாபைட்டுக்கு மேல். நாலு வருடத்தில் 38. சிறுதுளி பெருவெள்ளம் என்பது நல்லதுக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல. ஒரு பக்கம் ஸ்கான் செய்ய இரண்டு மெகாபைட் என்று வைத்தால், அந்தப் பயனற்ற வரிகள் பிடித்திருந்த இடத்தில் எங்கள் பெண்களின் ஆவணங்கள் 19,000 பக்கம் வைத்திருக்கலாம்.

அழித்த முறை

நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கள் சங்கத்திலோ, பிள்ளைகளின் கணனியிலோ தேவைப்படும்.

முதலாவது, முக்கியமானவற்றை வேறிடத்தில் பிரதி செய்து, திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டி ஒன்றும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். எங்கள் கோப்புகளில் கடைசித் திகதி, அந்த மென்பொருளை நீக்கிய மாதத்தோடு நின்றிருந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதுதான் எனக்குத் துணிவு தந்தது.

மூன்றாவது, உடனே அழிக்காமல் அந்தக் கோப்புறையை இரவல் வன்தட்டுக்கு நகர்த்தினேன். ஒரு கிழமை கணனியை வழமைபோலப் பாவித்தோம். கணக்கு திறந்தது, அச்சுப்பொறி வேலை செய்தது, ஒன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் நிரந்தரமாக அழித்தேன். கணனிக்குள்ளேயே அழிப்பதானால், அழித்தது முதலில் குப்பைத் தொட்டிக்குள் போகும். தொட்டியை வெறுமையாக்கும் வரை இடம் திரும்பி வராது. கோப்பு மிகப் பெரிதாகித் தொட்டிக்குள் அடங்காவிட்டால், "நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை வாசிக்காமல் ஓம் சொல்லாதீர்கள்.

நான்காவது, விண்டோஸே சுத்தம் செய்யும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 இல் "செட்டிங்ஸ்" திறந்து, "சிஸ்டம்", பிறகு "ஸ்டோரேஜ்", பிறகு "டெம்பரறி பைல்ஸ்" என்று போனால் தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் வரும். அதில் வேண்டாதவற்றுக்குச் சரியடையாளம் போட்டு நீக்கலாம். ஆனால் கவனம்! அந்தப் பட்டியலில் "டவுண்லோட்ஸ்" என்பதும் இருக்கும். இணையத்தில் இருந்தும் மின்னஞ்சலில் இருந்தும் நீங்கள் இறக்கி வைத்த விண்ணப்பங்கள், கடிதங்கள், சான்றிதழ்ப் பிரதிகள் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். அதற்குச் சரியடையாளம் போடாதீர்கள்.

ஐந்தாவது, பெயரில் "லொக்" என்று இருப்பதெல்லாம் குப்பை அல்ல. கணக்கு மென்பொருள்களும் தரவுத்தளங்களும் தங்கள் தரவைக் காப்பாற்றவே ஒரு லொக் கோப்பை வைத்திருக்கும். அதை அழித்தால் கணக்கே திறக்காமல் போகலாம். இப்போதும் பாவனையில் உள்ள மென்பொருளின் கோப்பில் கை வைக்காதீர்கள். அந்த மென்பொருளுக்குள்ளேயே பழைய பதிவுகளைக் குறைக்க வழி இருக்கும், அதைப் பாவியுங்கள். "விண்டோஸ்" என்ற கோப்புறைக்குள் போய்த் தெரியாமல் அழிக்கவும் வேண்டாம்.

இன்னும் சில இடங்களில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணனிகளைக் காண்கிறேன். அதற்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14 உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் ஒரு விசேட வியாதி உண்டு. சி.பி.எஸ். லொக் என்ற அதன் நாட்குறிப்பு இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டினால், அதைச் சுருக்கப் பார்த்துத் தோற்றுப்போய், "டெம்ப்" கோப்புறைக்குள் "கப்" என்று தொடங்கும் பெரிய பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வன்தட்டை நிரப்பிவிடும். காரணம் தெரியாமல் எத்தனையோ பேர் கணனியை மாற்றியிருப்பார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்த இரண்டு இடத்தையும் சுத்தம் செய்யலாம்.

எங்கள் கணனியில் இவ்வளவும் செய்து முடிய 40 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் கிடைத்தது. ஃபோர்மட் தேவைப்படவில்லை. காசும் செலவாகவில்லை.

கைத்தொலைபேசியில்

கணனி இல்லாத சகோதரிகளுக்கும் இது பொருந்தும். கைத்தொலைபேசியில் இடம் முடிந்தால், செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் போய் இரண்டு பொத்தான்களைக் காண்பீர்கள். ஒன்று "கிளியர் கேஷ்". அது செயலி தன் வசதிக்குச் சேர்த்து வைத்த தற்காலிகச் சாமானை மட்டும் நீக்கும். மற்றது "கிளியர் டேட்டா" அல்லது "கிளியர் ஸ்டோரேஜ்". அது அந்தச் செயலிக்குள் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதைத் தொடலாம். இரண்டாவதைத் தொட முன் நூறு முறை யோசியுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் குரல், இல்லாமல் போனவரின் கடைசிப் படம் அதற்குள் இருக்கலாம்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் "ஸ்டோரேஜ்" என்ற பகுதி, எந்தக் குழு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும். காலை வணக்கப் பூப்படங்களும், பத்துப் பேர் அனுப்பிய ஒரே காணொளியும்தான் மேலே நிற்கும். அவற்றைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள்.

பழைய கணனியையோ தொலைபேசியையோ விற்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டில் மீட்கக் கூடியதாக இருக்கலாம். ஆகவே தெரிந்தவரைக் கொண்டு முழுதாகத் துடைப்பித்துவிட்டே கைமாற்றுங்கள். அதே காரணத்தால், தவறுதலாக ஒன்று அழிந்துவிட்டால் உடனே கணனியைப் பாவிப்பதை நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். மீட்க வாய்ப்பு உண்டு.

எங்கள் ஊரும் எங்கள் மொழியும்

"இதெல்லாம் எங்களுக்கு எங்கை விளங்கப் போகுது" என்று சில அக்காமார் சொல்வார்கள். 1990 முதல் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மிதிவண்டி டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்கள். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த பத்திரிகையை வாசித்தவர்கள். இல்லாமைக்குள் ஒரு வழி கண்டுபிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல.

எங்கள் மானிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனின் அச்சகம் இங்கே இருந்தது. 1842 இல் வெளிவந்து மானிப்பாய் அகராதி என்று பெயர் பெற்ற தமிழ் அகராதி எங்கள் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே நூற்றாண்டில் வைத்தியர் சாமுவேல் கிறீன் இங்கே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடலின் நரம்பையும் நாடியையும் தமிழில் படிக்க முடிந்த ஊரில், ஒரு கணனியின் கோப்புறையைத் தமிழில் விளங்கிக்கொள்ள முடியாதா?

அந்தக் காலத்து அச்சு வேலையிலும் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஈய எழுத்துகள் அளவோடுதான் இருக்கும். ஒரு பக்கத்தைக் கோத்து அச்சடித்து முடிந்ததும், அந்த எழுத்துகளைக் கலைத்து அந்தந்த அறையில் திரும்பப் போடுவார்கள். கலைத்தால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். ஆனால் அச்சடித்த தாளை எறிய மாட்டார்கள். தாளை வைத்துக்கொண்டு, கோப்பைக் கலைத்துவிடுவது. லொக் கோப்பு விஷயத்திலும் இதுதான் செய்ய வேண்டியது.

வைத்திருக்க வேண்டியதை ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த இழப்பை அறிந்த எங்கள் பிள்ளைகள்தான் 2005 இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து எல்லோரும் வாசிக்க வைத்தார்கள். நாங்களும் எங்கள் சிறிய அளவில் அதையே செய்யலாம். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி நம்பிக்கையான உறவினரிடம். பென் ட்ரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அது தொலையும், பழுதாகும்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீடு வாசல் கழுவுகிற கிழமையில் கணனியையும் சுத்தம் செய்வோம். இரண்டு பேர் பக்கத்தில் இருந்துதான் செய்வோம். ஒருவர் "இது என்ன?" என்று கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் அந்தக் கோப்பை அழிப்பதில்லை.

முதல் முறை இதைச் செய்தபோது என் பக்கத்தில் இருந்தது அந்த அம்மாதான். அவவுக்குக் கணனி தெரியாது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. திரையில் ஓடிய அந்த ஒரே வரியை நான் தமிழில் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா:

"அது மறுமொழி இல்லாத இடத்திலை கேட்டுக்கொண்டு நிண்டிருக்கு. பாவம், மிசின். என்ரை கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டிய ஆக்கள் இருக்கினம். அதாலைதான் நான் துண்டை வைச்சிருக்கிறன். இதைக் கூட்டி எறி பிள்ளை. முத்தம் கூட்டேக்கை குப்பையைத்தானே கூட்டிறம், வேலியையோ பிடுங்கிறம்?"

இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கணனி வகுப்பிலும் கேட்டதில்லை.

சகோதரிகளே, அடுத்த ஓய்வு நாளில் உங்கள் தொலைபேசியையோ கணனியையோ எடுத்து வையுங்கள். முதலில் உங்கள் பையில் உள்ள ஆவணங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதை முதலில் செய்யுங்கள். பிறகு, உங்கள் இடத்தைப் பிடித்திருக்கும் வேண்டாத சாமான் எதுவென்று தேடுங்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பத்து வயதுப் பேரப்பிள்ளையிடமும் கேட்கலாம். "எல்லாத்தையும் துடைக்கவேணும்" என்று யாராவது சொன்னால், "ஏன், எது இடத்தைப் பிடிச்சிருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு மறுமொழி கிடைக்கும் வரை உங்கள் பொருளை அவர் கையில் விட்டு வராதீர்கள்.